"ஐ5 தானே கேட்டீர்கள்?" – புதுக் கம்ப்யூட்டர் என்று பழையதைத் தலையில் கட்டிய கடை, 32,500 ரூபாய் போச்சு

கல்லூரியில் சேர்ந்திருக்கும் பிள்ளைக்காகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 32,500 ரூபாய் கொடுத்து, புத்தம் புதியது என்ற பெயரில் 2011-ஆம் ஆண்டுச் சரக்கை வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வார்த்தைகள் முன்பின்னாக விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். திருச்சியில் கம்ப்யூட்டர் கடைகள் அடுத்தடுத்து இருக்கும் ஒரு வீதியில், குறுகலான படி ஏறிப் போகும் மாடிக்கடை. இணையத்தில் வீடியோ போட்டு ஆள் சேர்க்கிற வகை. "மாணவர்களுக்குச் சிறப்பு விலை, மானிட்டர், கீபோர்டு எல்லாம் சேர்த்து" என்று அந்த வீடியோவில் சிரித்த முகத்துடன் ஒருவர் பேசுவார். அவர்தான் முதலாளி.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நெல் அரவை ஆலையில் கணக்கு எழுதுகிறவன். மகள் பி.எஸ்சி. கணினி அறிவியலில் சேர்ந்திருக்கிறாள். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. முதலில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். அதைச் சொன்னதும் அந்த முதலாளி பதறிப்போனார். "சார், பழையது வாங்கவே வாங்காதீர்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. விண்டோஸ் 11 பழைய பிராசஸரில், அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சிப் பழையதாக இருந்தால், ஏறாது. ஆபீஸில் கழித்துக்கட்டிய பெட்டியைப் பெயின்ட் அடித்துத் தள்ளிவிடுவார்கள். படிக்கிற பிள்ளையின் வாழ்க்கையில் விளையாடாதீர்கள்" என்றார். சொன்னதெல்லாம் உண்மை. ஒரு வரிகூடப் பொய் இல்லை. பழையதை வாங்காதே என்று எனக்குப் பாடம் நடத்திவிட்டு அதே பழையதை எனக்கே விற்றிருக்கிறார் என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

"கோர் ஐ5, பன்னிரண்டாவது தலைமுறை, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., விண்டோஸ் 11, மூன்று வருட வாரண்டி" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். கோர் ஐ5 என்பது பிராசஸரின் பெயர், ரேம் என்பது வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம், எஸ்.எஸ்.டி. என்பது கோப்புகளைச் சேமித்து வைக்கும் பாகம். பத்தொன்பது அங்குல மானிட்டரும் சேர்த்து 32,500. பேரம் பேசியதில் ஒரு மவுஸ் பேடு இலவசம்.

கண்ணெதிரே பொருத்தித் தருகிறேன் என்றார். பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினட். உள்ளே மூன்று விசிறி, சிவப்பும் நீலமுமாக மாறி மாறி எரிகிறது. மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகங்களும் பொருத்தப்படும் தாய்ப் பலகையை, பெட்டியிலிருந்து எங்கள் முன்னால்தான் எடுத்தார். பெட்டி புதிது, உறை புதிது, பலகையில் ஒரு தூசி இல்லை. பிராசஸர் மட்டும் ஏற்கெனவே அதில் பொருத்தப்பட்டு, மேலே விசிறி திருகப்பட்டிருந்தது. "இது கம்பெனியிலேயே மாட்டி வரும் காம்போ சார்" என்றார். எல்லாம் முடிந்ததும் கல்லாவுக்கு மேலிருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் கம்ப்யூட்டரை வைத்தார். கண்ணாடியின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளின் ஒரு மூலையை மட்டும் நகத்தால் கிளப்பிவிட்டு, "நீயே உரிம்மா, நீயே சுவிட்சைப் போடு, நல்லா படி" என்று மகளிடம் சொன்னார். அவள் சர்ரென்று உரித்தாள். அந்தச் சத்தமும், அவள் முகத்தில் இருந்த சந்தோஷமும்... நம்பாமல் என்ன செய்வது? இதெல்லாம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நடத்தும் பூஜை என்று அடுத்த கடைப் பையன் பிறகு சொன்னான்.

பணத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். போனில் வந்த பெயர் கடையின் பெயர் இல்லை, ஏதோ ஒரு பெண்ணின் பெயர். "வீட்டம்மா அக்கவுன்ட் சார்" என்றார். பில் கேட்டேன். ஜி.எஸ்.டி. பில் ஆடிட்டர் வழியாக வாட்ஸ்அப்பில் வரும் என்று சொல்லிவிட்டு 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த தாளில் 'ஐ5 சிஸ்டம் செட் – 1 – ரூ.32,500' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜி.எஸ்.டி. பில் இன்றுவரை வரவில்லை.

வீட்டில் முதல் சில நாட்கள் நன்றாகத்தான் ஓடியது. விளக்கு வேறு ஜொலித்தது. பிறகு கல்லூரியில் முதல் செமஸ்டர் ரெக்கார்டு நோட்டுக்காக, தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பாகங்களை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். மகள் செட்டிங்ஸில் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவள், "அப்பா, இதில் ஐ5-2400 என்று வருகிறதே" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள்.

ஐ5 என்பது இன்டெல் கம்பெனியின் பிராசஸர்களுக்கு ஒரு குடும்பப் பெயர் மாதிரிதானாம். அதற்கு அடுத்து வரும் எண்ணில்தான் வயது இருக்கிறது. 2400 என்று நான்கு இலக்கம் இருந்தால் முதல் இலக்கம் தலைமுறை. ஆக இது இரண்டாவது தலைமுறை. 12400 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு. ஐ5-2400 வெளிவந்தது 2011 ஜனவரியில். என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்த ஆண்டு! ஐ5-12400 வந்தது 2022-இல். முன்னதில் நான்கு கோர், அதாவது வேலை செய்யும் நான்கு கைகள் மாதிரி. பின்னதில் ஆறு கோர், ஒரே நேரத்தில் பன்னிரண்டு வேலைகளை (த்ரெட்) ஓட்டும். இரண்டுக்கும் பெயர் ஐ5. இந்த ஒரு ஓட்டையை வைத்துக்கொண்டுதான் இத்தனை பேர் வியாபாரம் நடத்துகிறார்கள்.

உள்ளூரில் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்து திறந்து பார்க்கச் சொன்னேன். மதர்போர்டு புதியதுதான், அதில் பொய் இல்லை. ஆனால் அது ஹெச்61 என்ற சிப்செட் (பலகையின் வேலைகளை ஒருங்கிணைக்கும் சிப்) வைத்தது. அந்தச் சிப்செட்டும் 2011-இல் வந்ததுதான். அதை வைத்து இன்றும் பெயர் தெரியாத கம்பெனிகள் புதுப் பலகை செய்து விற்கின்றனவாம், பழைய பிராசஸர்களைத் தள்ளிவிடுவதற்கென்றே. ரேம் 8 ஜிபி இருக்கிறது, ஆனால் டிடிஆர்3 என்ற பழைய வகை. கேபினட்டும் விசிறியும் விளக்கும் புதிது. வெளியே தெரிகிற எல்லாம் புதிது, வேலை செய்கிற எல்லாம் பழையது. எங்கள் ஆலைக்கு லோடு நெல் வந்தால் மூட்டைக்கு மூட்டை குத்தூசி போட்டு, உள்ளே இருக்கும் நெல்லைக் கையில் கொட்டிப் பார்த்துத்தான் எடை போடுவோம். கம்ப்யூட்டருக்கும் அப்படிக் குத்தூசி உண்டு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள். எஸ்.எஸ்.டி. இதுவரை எத்தனை மணி நேரம் மின்சாரத்தில் இருந்தது என்பதை அது காட்டிவிடும். புது ஸ்டிக்கர் ஒட்டிய எங்கள் எஸ்.எஸ்.டி. காட்டிய கணக்கு 21,000 மணி நேரத்துக்கு மேல். இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டினாலும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். மொத்தத்தையும் பார்த்துவிட்டு மெக்கானிக், "அண்ணே, மானிட்டரையும் சேர்த்துப் பத்தாயிரம் பெறுமா என்று தெரியவில்லை" என்றார். நான் கொடுத்தது 32,500.

கடைக்காரரைப் போனில் பிடித்தேன். அவர் அசரவே இல்லை. "சார், நீங்கள் ஐ5 தானே கேட்டீர்கள்? நான் ஐ5 தானே கொடுத்தேன்?" பன்னிரண்டாவது தலைமுறை என்று சொன்னீர்களே என்றால், "எஸ்டிமேட்டில் அப்படி எழுதியிருக்கிறதா, பாருங்கள்" என்கிறார். அடுத்த முறை கேட்டபோது, சாஃப்ட்வேர் சில நேரம் தப்பாகக் காட்டும் என்றார். அதற்கடுத்து, கடைப் பையன் அவசரத்தில் பிராசஸரை மாற்றி மாட்டியிருப்பான், கொண்டுவாருங்கள் பார்க்கலாம் என்றார். மாற்றி மாட்ட முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். இந்தப் பலகையின் சாக்கெட்டில் 1155 ஊசி, பன்னிரண்டாவது தலைமுறைக்கு 1700 ஊசி. பொருந்தவே பொருந்தாது. ரேமும் அப்படித்தான், டிடிஆர்4 ரேமின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் டிடிஆர்3 இடத்தில் உள்ளேயே போகாது. இவ்வளவும் தெரிந்த மனிதர், எனக்குத் தெரியாது என்ற தைரியத்தில் பேசியிருக்கிறார்.

கேபினட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் திருச்சிக்குப் போனேன். முதலாளி இல்லை, சென்னைக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்கிறார் என்றார்கள். கல்லாவில் இருந்த பையன் பக்கவாட்டுத் திருகின் மேல் இருந்த ஸ்டிக்கரைக் காட்டி, "இது கிழிந்திருக்கிறது அண்ணா, வாரண்டி போய்விட்டது" என்றான். உள்ளே திறந்து பார்த்தால்தானே களவு தெரியும். திறந்து பார்த்தால் வாரண்டி இல்லையாம். என்ன கணக்கு இது? நான் சத்தம் போட்டதும், படியில் ஏறிவந்த இன்னொரு குடும்பத்தை அவசர அவசரமாக உள்ளறைக்கு அழைத்துப் போனார்கள். அவர்களுடன் ஒரு பையன் வந்திருந்தான், என் மகள் வயதுதான் இருக்கும். பிறகு வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியவை போய்ச் சேருவதே நின்றுவிட்டது. வீடியோவுக்குக் கீழே நடந்ததை எழுதினேன். மறுநாள் அதைக் காணவில்லை.

பணம் போனதுகூட ஒரு பக்கம். அந்த விண்டோஸ் இருக்கிறதே, அது இன்னும் மோசம். விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இரண்டும் இதில் இல்லை. இவை இருக்கின்றனவா என்று விண்டோஸ் பார்க்கும் சோதனையைத் தாண்டிக் குதிக்க வைத்து ஏற்றியிருக்கிறார்கள். உரிமமும் திருட்டு. அதை இயக்கும் திருட்டு நிரல் மாட்டிக்கொள்ளாமல் இருக்க விண்டோஸுடனே வரும் வைரஸ் தடுப்பான விண்டோஸ் டிஃபெண்டரையே முடக்கி வைத்திருக்கிறார்கள். "ஏதாவது எச்சரிக்கை வந்தால் கண்டுகொள்ளாதீர்கள்" என்று கடைப் பையன் அன்றே சொல்லி அனுப்பியதன் காரணம் இதுதான். பிரவுசரைத் திறந்தால் கூகுளுக்குப் பதிலாக ஏதோ ஒரு தேடல் பக்கம். எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் நிரல்) பட்டியலில் நாங்கள் போடாத ஒன்று உட்கார்ந்திருந்தது. எல்லா இணையதளங்களிலும் உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி! இந்தப் பிரவுசரில்தான் என் மகள் மின்னஞ்சலைத் திறந்தாள், உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வங்கிக் கணக்கு எண்ணை அடித்தாள். அன்றிரவே என் போனிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினோம், இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிட்டோம். கம்ப்யூட்டரின் நெட் இணைப்பைப் பிடுங்கி வைத்திருக்கிறோம். நெட் இல்லாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன படிப்பாள்?

பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கும் நியாயமற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே சட்டத்தில் அதே தலைப்பில் வருகிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். அதற்குப் பிறகுதான் முதலாளியின் குரல் மறுபடி கேட்டது. "கேஸ் போட்டால் திருச்சிக்கு அலைந்தே ஓய்ந்துபோவீர்கள் சார், 5,000 தருகிறேன், முடித்துக்கொள்ளலாம்" என்றார். அலைய வேண்டியதில்லை. இந்தச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. தஞ்சாவூரில்தான் போடப்போகிறேன். அவர்தான் பஸ் ஏறி வரட்டும்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், நாளை காலை ஆலையில் லோடு இருக்கிறது, நேரமில்லை. சுருக்கமாக: ஐ5, ஐ7 என்று மட்டும் சொன்னால் நம்பாதீர்கள், பின்னால் வரும் முழு எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி. மூன்றுக்கும் மாடல் எண் வேண்டும். 'எஸ்டிமேட்' தாள் பில் இல்லை. கடையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் பெட்டியில் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதியில் பிராசஸர் பெயரைப் படித்துப் பாருங்கள். பார்க்க விட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பிராசஸரைச் சீல் உடைக்காத பெட்டியிலிருந்து எடுத்து மாட்டச் சொல்லுங்கள், 'காம்போ' என்றால் வேண்டாம். பணத்தைக் கடையின் பெயரில் உள்ள கணக்கில் மட்டும் போடுங்கள்.

கடை எது என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம், இப்போது சொல்ல முடியாது. அதே கடையில் வாங்கியவர்கள் இருந்தால் ஐ5-க்குப் பின்னால் என்ன எண் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம். அந்த 5,000 எனக்கு வேண்டாம். கொடுத்தது 32,500, திரும்பி வர வேண்டியதும் 32,500.