ஆறு வருஷம், இரண்டு அலுமினியப் படகு: குந்தா பக்கத்திலிருந்து

நீலகிரியில் குந்தா பக்கம் நாங்கள் தேயிலை பார்க்கும் எஸ்டேட்டுக்குள் ஒரு பழைய ஏரி இருக்கிறது, ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. கோடையில் தோட்டத்துக்குத் தண்ணீர், மற்ற நாளில் மிரர் கார்ப். 1939-ல் ஊட்டி ஏரியில் கொண்டுவந்து விட்ட மீன் அது. குளிர் தண்ணீரிலேயே முட்டையிட்டுப் பெருகும் என்பதால் மலையோடு ஒத்துப்போய்விட்டது. மின்வாரிய அணைகளிலும் காட்டுக்குள் இருக்கும் நீர்நிலைகளிலும் நம் இஷ்டத்துக்குப் படகு இறக்க முடியாது. ஆகவே என் அனுபவம் முழுக்க இந்த ஒரு ஏரியில்தான்.

முதலில் வாங்கியது பத்தடி தட்டை அடிப் படகு. ஜான் போட் என்று விற்கிறார்கள். முன்பக்கம் கூர்மையே இல்லாமல் சதுரமாக முடியும். பிக்கப்பிலிருந்து இறக்கியதும் எங்கள் வாட்ச்மேன் அண்ணன், "தம்பி, இது படகா, சோத்துத் தட்டா?" என்றார். 38 கிலோதான், இரண்டு பேர் தேயிலைச் சரிவில் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். அரையடித் தண்ணீரில் பாசிக்கு மேலேயே வழுக்கிப் போகும். நின்றுகொண்டு வலை இழுத்தாலும் கவிழ்ந்துவிடுமோ என்று தோன்றாது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் இதைவிட நல்ல படகு உலகத்தில் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜூனில் தென்மேற்குக் காற்று வந்தது. தட்டை அடிக்குத் தண்ணீரில் பிடிமானம் கிடையாது. துடுப்பைக் கொஞ்சம் நிறுத்தினால் முகம் திரும்பி, காற்று போகும் பக்கமே போய்விடும். அலை சின்னதுதான், ஆனால் ஒவ்வொன்றும் சதுர முகப்பில் அறைந்து மடியில் தெறிக்கும். ஒரு நாள் எதிர்க்கரைச் சேற்றில் ஒதுங்கி, படகை அங்கேயே விட்டு நடந்து வந்தேன்.

இரண்டாவது படகு பன்னிரண்டடி, செமி-வி. கடற்கரைக்காரர்கள் அணியம் என்று சொல்லும் முன்முனை கூராக அலையைப் பிளக்கும். பின்னால் போகப் போக அடி தட்டையாகிவிடும். என்னைக் கேட்டால் படகின் வகையை நிர்ணயிப்பது இந்த அடிப்பாகத்தின் வளைவுதான். சீட்டு, பெயின்ட், மீன் தொட்டி எல்லாம் அப்புறம். பின்முனை வரைக்கும் கூர்மை குறையாத டீப்-வி பெரிய அலைக்கும் வேகத்துக்கும் செய்தது. சும்மா நிற்கும்போது அது ஆடும், பாசியில் மாட்டும். பாஸ் என்ற மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்கென்றே முன்னால் மேடை கட்டி கார்ப்பெட் ஒட்டின பாஸ் படகுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் மழைக்கு அந்தக் கார்ப்பெட் காயவே காயாது.

என் இரண்டுமே ரிவெட் அடித்தவை, அதாவது தகடுகளைத் தட்டாணியால் இணைத்தவை. மெல்லிய தகடு என்பதால் எடை குறைவு. வெல்டிங் படகுக்குத் தகடு தடிமனாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் சூட்டில் நெளிந்துவிடும். அதே பன்னிரண்டடியில் எடை ஒன்றரை மடங்குக்கும் மேலே போகிறது. கரை வரைக்கும் ரோடு இருந்தால் வெல்டிங்கே எடுங்கள். எங்களுக்கு ரோடு இல்லை. ரிவெட்டின் வினை மூன்றாம் வருஷம் தெரிந்தது. பாறையில் இடித்து இடித்துத் தளர்ந்து, அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. கண்டுபிடிப்பது சுலபம்: படகைக் கட்டை மேல் வைத்து உள்ளே தண்ணீர் ஊற்றினால், வெளியே சொட்டும் ரிவெட்டே காட்டிக்கொடுக்கும். சாக்பீஸால் வட்டம் போட்டேன். ஒன்பது. ஒருவர் உள்ளே இரும்புக் கட்டையை முட்டுக்கொடுக்க, வெளியிலிருந்து சுத்தியலால் தட்டி இறுக்கினோம். எம்-சீல் அப்பிப் பார்த்ததெல்லாம் ஒரு மழைக்கு மேல் நிற்கவில்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது நானே செய்துகொண்டது. தேயிலை மண் புளிப்பு. ஏரித் தண்ணீரும் அப்படித்தான், அதனால் வருஷத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு போடுவோம். தட்டைப் படகில் மூட்டையை ஏற்றித் தூவிவிட்டு, மிச்சத்தோடு அப்படியே விட்டுவிட்டேன். ராத்திரி மழை. காலையில் பார்த்தால் தகடு முழுக்கச் சாம்பல் நிறத் திட்டு, தேய்த்துக் கழுவினால் ஊசி குத்தினாற்போல் குழிகள். அலுமினியம் துருப்பிடிக்காது என்பது வாஸ்தவம். மேலே தானாகப் படியும் ஒரு மெல்லிய படலம்தான் அதற்குக் கவசம். சுண்ணாம்பின் காரம் அந்தப் படலத்தையே கரைத்துவிடுகிறது. செம்புக் கம்பி, தூண்டில் ஈயக்குண்டு இவற்றையும் ஈர அடித்தளத்தில் கிடக்க விடாதீர்கள். அந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து அரிக்கும்.

சீட்டுக்கு அடியில் மிதப்புக்காக வைத்திருக்கும் ஃபோம் பற்றிக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்காம் வருஷம் தட்டைப் படகு தூக்க முடியாமல் கனத்தது. எடை போட்டேன்: 46 கிலோ. எட்டு கிலோ தண்ணீரை ஃபோம் குடித்து வைத்திருந்தது! பிரித்து எடுத்து, தண்ணீர் உறிஞ்சாத ரகமாக மாற்றினேன்.

மோட்டார் வாங்குகிறவர்கள் உயரத்தைக் கணக்கில் வையுங்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் காற்று மெலிந்துவிடுவதால் பெட்ரோல் இன்ஜின் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஐந்து குதிரைசக்தி என்று வாங்கினால் நான்குதான் கையில் நிற்கும். படகின் பின்பலகை உயரத்தையும் டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். பதினைந்து அங்குலப் பலகையில் இருபது அங்குலத்துக்கான மோட்டாரை மாட்டினால் விசிறி பாசியைத்தான் உழும். நான் பேட்டரி மோட்டாருக்கு மாறிவிட்டேன், அதற்கு உயரம் ஒரு பொருட்டில்லை. பேட்டரியை முதலில் பின்னால் வைத்தேன். முகப்பு தூக்கிக்கொண்டு காற்றில் சுற்றியது. முன் சீட்டுக்கு அடியில் நகர்த்தி, நீள வயர் போட்டதும் பாதித் தொல்லை தீர்ந்தது.

ஜனவரிக் காலையில் அலுமினிய சீட்டில் உறைபனி உப்புத் தூள் மாதிரி படிந்திருக்கும். சாக்கு விரிக்காமல் உட்கார்ந்தால் எலும்பு வரைக்கும் ஏறும். அந்தக் குளிர் தண்ணீரில் விழுந்தால் கை கால் சீக்கிரமே மரத்துவிடும், நீச்சல் தெரிந்தவனுக்கும்தான். லைஃப் ஜாக்கெட் போடாதவரை நான் படகில் ஏற்றுவதில்லை. மச்சான் ஒருத்தர் இதற்காகவே என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

இப்போது தூண்டிலுக்கு செமி-வி, வலைக்கும் பாசி எடுக்கவும் குழி விழுந்த தட்டை. சுண்ணாம்பு மட்டும் பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, கரையில் நின்றே ஊற்றுகிறோம்.