ஓரத்தில் மிச்சம் நிற்குமா: மேமோகிராமா, அல்ட்ராசவுண்டா, எம்ஆர்ஐயா?

மார்பகப் புற்றில், மார்பகத்தை விட்டுவைத்துக் கட்டியை மட்டும் எடுக்கும்போது, ஓரத்தில் புற்று மிச்சம் நிற்கிறதா என்று அறிய எடுத்த திசுவின் மேற்பரப்பில் மை தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஊடுருவிய புற்றில் மையைப் புற்றணு தொடாவிட்டால் போதும். 2014 அமெரிக்க வழிகாட்டல் அது. பால்குழாய்க்குள்ளேயே நிற்கும் டிசிஐஎஸ்ஸுக்கு 2016இல் 2 மி.மீ. இடைவெளி என்றார்கள். மை தொட்டிருந்தால் பெரும்பாலும் மறுபடி ஆபரேஷன் தியேட்டர்தான். ஆம்பூரிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வேலூருக்கு வந்துபோகிறவர்களுக்கு அது இன்னொரு மயக்க மருந்து, தள்ளிப்போகும் கதிர்வீச்சு, துணைக்கு வருகிறவரின் கூலி நட்டம்.

மிச்சம் நிற்குமா என்பதை அறுவைக்கு முன்பே கணிக்க எந்தப் படம் என்றால், எங்கள் ஓட்டு மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமுக்கு. மிச்சம் நிற்பது பல நேரம் கைக்குத் தட்டுப்படும் கட்டியால் அல்ல, அதை ஒட்டிக் குழாய்வழி ஓடும் டிசிஐஎஸ்ஸால். அது பெரும்பாலும் தூள் உப்பைச் சிந்தியதுபோலச் சுண்ணாம்புப் புள்ளிகளாகத் தெரியும். வழக்கமான படம் போதாது. மேலிருந்து ஒன்று, நேர்ப் பக்கவாட்டில் ஒன்று எனப் பெருக்கி எடுத்தால்தான் புள்ளிகள் எங்கே முடிகின்றன என்று அளக்கலாம். கட்டி 18 மி.மீ., புள்ளிகளோ காம்பு நோக்கி 40 மி.மீ. ஓடுகின்றன என்று வையுங்கள். கட்டியைக் குறிவைத்து வெட்டினால் காம்புப் பக்க ஓரம் மாட்டிக்கொள்ளும். இரு முனையிலும் இடம் காட்டும் மெல்லிய கம்பி வைத்து, எடுத்த திசுவை அங்கேயே எக்ஸ்ரே பார்க்க வேண்டிய கேஸ் அது. புள்ளியே விழாத டிசிஐஎஸ்ஸும் உண்டு என்பதால் அளந்த நீளத்தைக் குறைந்தபட்சமாகவே கொள்ளுங்கள்.

அல்ட்ராசவுண்ட் மலிவு. அடர்த்தியான மார்பகத்தில் மேமோகிராம் மறைக்கும் கட்டியை இது காட்டிக்கொடுக்கும். ஆனால் கட்டியின் அளவைக் குறைத்துச் சொல்லும், பால் சுரக்கும் மடல்களில் தொடங்கும் லோபுலார் வகைப் புற்றில் இன்னும் அதிகம். கறுப்பு மையத்தை மட்டும் அளந்து, சுற்றியிருக்கும் வெளிர் விளிம்பை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை.

எம்ஆர்ஐ நுணுக்கமானது. கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியபின் கட்டியைத் தாண்டிப் பரவலாக ஒளிரும் பகுதி நல்ல எச்சரிக்கை. ஆனாலும் பிரிட்டனில் 1623 பெண்களை வைத்து நடந்த காமிஸ் ஆய்வில் (2010) எம்ஆர்ஐ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மறு அறுவை 19 சதவீதம்தான். படம் எடுப்பது குப்புறப் படுக்கவைத்து, அறுவை மல்லாக்க. கட்டி இடம் மாறிவிடுகிறது. போதாக்குறைக்கு, சாதாரணத் திசுவும் ஒளிரும். புதிதாக ஒளிரும் இடம் ஒன்று தெரிந்தால், அங்கே துளி திசு எடுத்துப் பயாப்சி பார்க்காமல் முழு மார்பகத்தையும் எடுக்கச் சம்மதிக்காதீர்கள். லோபுலார் வகைக்கும், மற்ற இரண்டு அளவுகளும் ஒத்துப்போகாதபோதும் எம்ஆர்ஐ எடுப்பது நியாயம். மாதவிலக்கு நிற்காதவர்கள், அறுவை தள்ளிப்போகாதென்றால், மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 7 முதல் 14ஆம் நாளுக்குள் எடுப்பது நல்லது. கான்ட்ராஸ்ட் ஏற்றுமுன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைக் கேட்பார்கள்.

ஊரில் எடுத்த படமானால் ரிப்போர்ட் தாளோடு படம் பதிந்த சிடி வட்டையும் கொண்டுவாருங்கள். புள்ளிகளின் நீளத்தை அறுவை மருத்துவர் தாளில் அளக்க முடியாது.