ஒரேயடியாகவா, சிறுகச் சிறுகவா?

யாழ்ப்பாணத்துச் சங்கக்கடை ஒன்று பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறப் போகிறது என்று வைப்போம்.

உளவியலாளர் குர்ட் லெவின் 1947இல் சொன்னது பழைய வழி: பழக்கத்தை இளக்கு, மாற்று, திரும்ப உறைய வை. திகதி குறித்து மாறிவிடலாம். ஆனால் உறைய வைத்த மென்பொருளே அடுத்த வருடம் மாறிவிடுகிறதே!

இனி வரும் வழி, மாற்றத்தை ஓயாத சின்ன அடிகளாக எடுப்பது. முதலில் பில், பிறகு இருப்பு. இருபது வருடம் கொப்பியில் எழுதிய அக்கா, "தம்பி, இந்தப் பட்டன் ஏன் இங்கே கிடக்கு?" என்றால் அடுத்த கிழமையே திருத்தலாம். அவரைக் கேட்காமல் செய்யும் மாற்றம் கொப்பிக்கே திரும்பிவிடும். என்ன, ஆட்கள் களைத்துப் போவார்கள். இடைவெளி விட வேண்டும்.

நான் இரண்டாவதன் பக்கம். சம்பளக் கணக்கு மட்டும் வேறு: இரண்டு மாதம் கொப்பியிலும் கணினியிலும் போட்டுப் பார்த்து, ஒரே நாளில் மாற்றுங்கள்.