பழைய எம்எல் டுடோரியல் ஓட்ட யூவி: யூஸ் பண்ணி பாத்த ரிவ்யூ

பைதான் பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற டூல் தான் யூவி, அதுன்னாலே எல்லாரும் ஸ்பீடு ஸ்பீடுன்னு தான் பேசறாங்க. ரஸ்ட் மொழில எழுதுனது, பைதான் கோட செக் பண்ற ரஃப் டூல் பண்ண அதே ஆஸ்ட்ரல் டீம் 2024 பிப்ரவரில விட்டாங்க, பைதானோட வழக்கமான இன்ஸ்டாலர் பிப்ப விட செம வேகம், எல்லாம் சரி. ஆனா டுடோரியல் பாத்து மெஷின் லேர்னிங் பழகுறவங்களுக்கு அதெல்லாம் ரெண்டாம்பட்சம், இதுல ஒரு தேதிக்கு அப்புறம் வந்த வெர்ஷன ஒதுக்கற எக்ஸ்க்ளூட்-நியூவர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு பாருங்க, அதுக்காகவே இன்ஸ்டால் பண்ணலாம்.

2021ல போட்ட வீடியோல போஸ்டன் வீட்டு விலை டேட்டாவ வச்சு லீனியர் ரிக்ரெஷன் சொல்லித் தருவாங்க, நாம அப்படியே லோட்_போஸ்டன் இம்போர்ட் பண்ணா முகத்துல அடிச்ச மாதிரி இம்போர்ட் எரர். கறுப்பின மக்கள் எவ்ளோ பேர் இருக்காங்கங்கறத வச்சு வீட்டு விலைய கணிக்கற ஒரு ஃபீல்டு அதுல இருக்கு, அதனால அந்த டேட்டாவ குடுத்த எம்எல் லைப்ரரி ஸ்கைகிட்-லேர்ன் 1.2ல, 2022 டிசம்பர்ல, மொத்தமா தூக்கிட்டாங்க. தூக்குனது நியாயம் தான், ஆனா வீடியோ பாக்கறவனுக்கு தன் கோட்ல தான் ஏதோ தப்புன்னு தோணும். யூவி பிப் இன்ஸ்டால்ங்கற கமாண்டோட எக்ஸ்க்ளூட்-நியூவர் போட்டு 2022-06-01னு தேதி குடுத்தா அதுக்கப்புறம் வந்த எதையும் தொடாது, ஸ்கைகிட்-லேர்ன் 1.1 தான் வரும், நம்பை, பாண்டாஸ் மாதிரி மத்த லைப்ரரி எல்லாம் கூட அந்த காலத்துதே வர்றதால ஒண்ணுக்கொண்ணு முட்டிக்காது. ஒண்ணு, வென்வ் (ப்ராஜெக்ட்டுக்குன்னு தனியா வைக்கற பைதான் என்விரான்மென்ட்) போடும்போதே பைதான் 3.10ன்னு கேட்டு வாங்கிடுங்க (சிஸ்டத்துல இல்லன்னா அதுவே டவுன்லோட் பண்ணிக்கும்), லேட்டஸ்ட் பைதானுக்கு அந்த பழைய வெர்ஷன்ல வீல் (ரெடியா பில்ட் பண்ண பேக்கேஜ்) கிடையாது, சோர்ஸ்லேந்து பில்ட் பண்றேன்னு கிளம்பி பாதில மண்டைய போட்டுரும்.

குறைன்னா, யூவி போடற வென்வ்குள்ள பிப் தானா வராது. பழக்க தோஷத்துல வெறும் பிப் இன்ஸ்டால் அடிச்சீங்கன்னா அது சிஸ்டத்துல இருக்கற வேற பைதான்ல போய் விழுந்துட்டு சக்சஸ்ஃபுல்லி இன்ஸ்டால்ட்னு பல்ல காட்டும், இங்க இம்போர்ட் பண்ணா மாட்யூல் நாட் ஃபவுண்ட். சீட் (seed) ஆப்ஷனோட வென்வ் போட்டா பிப்பும் சேந்து வரும், புதுசா கத்துக்கறவங்க அப்படியே போடுங்க. ஜூபிடர் நோட்புக்ல இந்த கூத்து நடந்தா சிஸ்.எக்ஸிக்யூட்டபிள பிரிண்ட் பண்ணி எந்த பைதான் ஓடுதுன்னு மொதல்ல பாத்துக்கோங்க, முக்கால்வாசி கெர்னல் (நோட்புக்க ஓட்டற பைதான்) தான் மாறி இருக்கும்.

இம்போர்ட் பண்ற பேரும் இன்ஸ்டால் பண்ற பேரும் வேற வேறயா இருக்கற குழப்பத்துக்கு யூவியும் ஒண்ணும் பண்ணாது. சிவி2 வேணும்னா ஓபன்சிவி-பைதான், பிஐஎல் வேணும்னா பில்லோ, இத நாம தான் தெரிஞ்சு வச்சிருக்கணும். நம்ம ஃபைலுக்கே ரேண்டம்.பைன்னு பேர் வச்சிட்டு (அது பைதானோட சொந்த ரேண்டம் மாட்யூல மறைச்சுரும்) நம்பை இம்போர்ட் ஆகலன்னா எந்த டூலும் காப்பாத்தாது.

ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ்லயும் நல்லா ஓடுது. அஞ்சுக்கு நாலு, கட் பண்ண ஒரு மார்க் அந்த பிப் விஷயத்துக்கு. போன மாசம் வந்த டுடோரியல் தான் பாக்கறீங்கன்னா இதெல்லாம் வேணாம், பிரவுசர்ல ஓடற கூகுள் கொலாப்லயே முடிச்சுக்கோங்க.