கங்காரு இறைச்சி: எந்தத் துண்டை வாங்கலாம்?

ஆஸ்திரேலியாவின் பெரிய பல்பொருள் அங்காடிகளில் ஆடு, மாடு, கோழி இறைச்சிகள் இருக்கும் குளிர்பெட்டியின் ஓரத்திலேயே கங்காரு இறைச்சியும் காற்று நீக்கிய பொட்டலங்களில் விற்கப்படுகிறது. இது பண்ணையில் வளர்த்து அறுத்த இறைச்சி அன்று. மாநில அரசுகள் கங்காருக்களின் எண்ணிக்கையை மதிப்பிட்டு ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் வரம்புக்குள், உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் இரவில் விளக்கு வெளிச்சத்தில் சுட்டுக் கொண்டுவரும் காட்டு இறைச்சி. தெற்கு ஆஸ்திரேலியா 1980இல் இதை மனித உணவாக விற்க அனுமதித்தது. பிற மாநிலங்கள் பலவும் 1993 வரை காத்திருந்தன.

பொட்டலத்தைப் பிரித்ததும் எழும் ரத்தக் கவிச்சியைக் கண்டு இறைச்சி கெட்டுவிட்டதோ என்று பலர் அஞ்சுவார்கள். காற்றில்லாமல் அடைபட்டிருந்ததால் வரும் அந்த வாடை, தட்டில் எடுத்துவைத்துத் தாளால் ஒற்றியெடுத்தால் சில நிமிடங்களில் அடங்கிவிடும்; அடங்காமல் புளித்த நாற்றம் அடித்தால் மட்டுமே தூக்கி எறிய வேண்டும். நிறம் மாட்டிறைச்சியைவிட ஆழ்ந்த சிவப்பு. வெள்ளைக் கொழுப்பு இழை ஒன்றுகூடக் கண்ணில் படாது. கொழுப்பு ஏறத்தாழ 2 சதவீதமே என்பதால்தான் உடல்நலம் கருதுவோர் இதை விரும்புகிறார்கள். சமையலில் வரும் தொல்லைகளுக்கும் அதுவே காரணம்.

நான் முதலில் பரிந்துரைப்பது எலும்பில்லாத முழுத் துண்டு. எண்ணெயைச் சட்டியில் ஊற்றாமல் இறைச்சியின் மேலேயே தடவி, உப்பும் மிளகும் தூவி, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் பக்கத்திற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் வாட்டி எடுத்து, ஐந்து நிமிடம் மூடி வைத்த பிறகு, இழைக்குக் குறுக்காக மெல்லிய வில்லைகளாக அரிய வேண்டும். நடுப்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கும்போது மாட்டிறைச்சியின் சுவையும் ஈரலின் லேசான இரும்புச் சுவையும் சேர்ந்து வரும். அதைத் தாண்டி வெந்துவிட்டால் ரப்பரைக் கடிப்பது போலாகிவிடும். ஆனால் கங்காருவின் தசையில் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி இருக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் இப்படி அரைவேக்காட்டில் உண்ணவே கூடாது.

குழம்புக்கென்று வெட்டி விற்கும் துண்டுகளை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஆட்டுத் தொடையைப்போல் நெடுநேரம் கொதிக்கவிட்டால் மிருதுவாகும் என்று நம்பி அடுப்பிலேற்றுகிறோம்; உருகிக் குழைவதற்கு இந்தத் துண்டுகளில் கொழுப்பும் இல்லை, சவ்வும் போதிய அளவு இல்லை. எனவே கொதிக்கக் கொதிக்க அவை இறுகித்தான் போகின்றன. கைமாவோ இதற்கு நேர்மாறு: வெங்காயம், பொட்டுக்கடலை மாவு, சற்றுத் தாராளமான எண்ணெய் சேர்த்துப் பிசைந்தால் கோலா உருண்டைக்கு மிக நன்றாக அமைகிறது, முழுவதும் வேகவைத்து உண்ணலாம். சாசேஜ் வகையில் மசாலாவின் சுவையே மேலோங்குவதால் அதற்குத் தனியாகப் பணம் செலவிடத் தேவையில்லை.

நெடுநேரம் வேகவைக்கத் தகுந்த பகுதி வால். மத்திய ஆஸ்திரேலியக் கடைகளில் அது மயிரோடு உறைந்த நிலையில் கிடைக்கிறது. அங்குள்ள பூர்வகுடிகள் மயிரைத் தீயில் பொசுக்கிச் சுரண்டிவிட்டு, தற்காலத்தில் அலுமினியத் தாளில் சுற்றி, தணலும் மண்ணும் மூடிய குழியில் வேகவிடுகிறார்கள். எலும்பைச் சுற்றியுள்ள சவ்வு உருகி விரலில் ஒட்டும் பதத்திற்கு வருகிறது. கங்காரு இறைச்சியில் நான் சுவைத்தவற்றுள் அதுவே தலைசிறந்தது.

சுடப்படும் பெண் கங்காருவின் பையில் குட்டி இருந்தால் அதையும் அங்கேயே கொல்ல வேண்டும் என்பது நடைமுறை விதி. இதை அறிந்த பிறகு, ஆண் கங்காருவை மட்டுமே கொள்முதல் செய்யும் நிறுவனங்களின் இறைச்சியையே தேடி வாங்குகிறேன். அந்த விவரம் எல்லாப் பொட்டலங்களிலும் எடை, விலைக்குப் பக்கத்திலேயே கட்டாயமாக அச்சிடப்பட வேண்டும்.