பிளேடு சர்வருக்கு 20 கிகாபிட் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை

எங்களை ஏமாற்றிய ஒப்பந்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் எங்களிடம் விற்ற சரக்கைத்தான் சொல்ல வேண்டும். அதை வேறு பலரும் விற்கிறார்கள்.

கொட்டேஷனில் 'லிங்க் அக்ரிகேஷன், ஒரு சர்வருக்கு 20 கிகாபிட்' என்று தனி வரி, தனிக் கட்டணம். சர்வரின் இரண்டு 10 கிகாபிட் போர்ட்டுகளை ஒரே கட்டாகச் சேர்ப்பதுதான் அது. எங்களுடையது ஹெச்பி சி7000 சேஸிஸ்: பிளேடு எனப்படும் மெல்லிய சர்வர்களையும், அவற்றை நெட்வொர்க்கில் இணைக்கும் சுவிட்ச் மாட்யூல்களையும் செருகும் பெட்டி. அதில் பிளேடின் முதல் 10 கிகாபிட் போர்ட் முதல் சுவிட்ச் மாட்யூலுக்கும், இரண்டாவது போர்ட் இரண்டாவது மாட்யூலுக்கும் உள்ளேயே போய்விடும். கேபிளை மாற்றிச் செருக இடமே கிடையாது. எங்கள் மாட்யூல்கள் இரண்டும் தனித்தனி சுவிட்சுகள். ஒரே கட்டாகச் சேர்க்கும் போர்ட்டுகள் மறுமுனையில் ஒரே சுவிட்சில் முடிய வேண்டும், அல்லது ஒன்றுபோல் இயங்கும் இரண்டில். எங்களிடம் இரண்டுமே இல்லை. சேஸிஸைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அந்த வரியை எழுதினார்கள்.

வேலைக்கு வந்தவர் ஈஎஸ்எக்ஸ்ஐ-யில் (ஒரே சர்வரில் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருள்), போர்ட்டைத் தேர்ந்தெடுக்கும் முறையை 'ஐபி ஹாஷ்' என்று மாற்றிவிட்டு, அறிக்கையில் 20 என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அனுப்புபவர், பெறுபவர் ஐபி முகவரிகளைப் பார்த்துப் போர்ட்டை மாற்றும் அந்த அமைப்பை, எதிரே ஈதர்சேனல் (சுவிட்ச் பக்கத்துக் கட்டு) இருந்தால் மட்டுமே வைக்க வேண்டும். மறுநாளே கோர் சுவிட்சின் (அலுவலகத்தின் மைய சுவிட்ச்) லாகில், ஒரே மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) இரண்டு போர்ட்டுகளுக்கு இடையே தாவுவதாக வரிவரியாகக் குவிந்தது. கணக்குப் பிரிவின் சர்வர் ஒரு மேசையில் திறந்தது, பக்கத்து மேசையில் திறக்கவில்லை.

புகாருக்கு வந்த பதிலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "எல்ஏசிபி-க்கு டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்ச் வேண்டும், என்டர்பிரைஸ் பிளஸ் லைசென்ஸ் வாங்குங்கள்" என்றார்கள். எல்ஏசிபி என்பது இரு முனைகளும் பேசிக் கட்டை அமைக்கும் நெறிமுறை. அதற்கு டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்ச், அதாவது பல சர்வர்களுக்குப் பொதுவான விஎம்வேரின் மென்பொருள் சுவிட்ச், வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வாங்கினாலும் இரண்டு தனி மாட்யூல்கள் ஒன்றாகிவிடுமா? இன்னொன்று, முறையாகக் கட்டு அமைந்தாலும் ஒரு தனி இணைப்பு ஒரே கம்பியில்தான் போகும். ஒரு ஃபைலை நகலெடுக்கும்போது 10-ஐத் தாண்டாது.

ஐபி ஹாஷை எடுத்துவிட்டு, விஎம்வேர் முதலிலேயே வைத்துத் தரும் போர்ட் ஐடி முறைக்குத் திரும்பினோம். அதில் ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரமும் ஒரே போர்ட் வழியாகவே போகும். பைசா செலவில்லை. தாவல் நின்றது. உடனே அடுத்த குட்டு வெளிப்பட்டது: இரண்டாவது மாட்யூல் வழியாகப் போன இயந்திரங்களுக்கு பேக்கப் ஓடவில்லை. பேக்கப்புக்கான விலான் 30 (ஒரே கம்பியில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்), முதல் மாட்யூலின் டிரங்கில் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பில்) இருந்தது. இரண்டாவதில் சேர்க்கவே இல்லை. முதல் மாட்யூல் வழியாக ஒரு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அடித்துக் காட்டியதுதான் அவர்கள் செய்த சோதனை.

கையெழுத்துப் போடும் முன், அவர்கள் கண்ணெதிரே முதல் மாட்யூலிலிருந்து கோர் சுவிட்சுக்குப் போகும் மேல் கேபிளைப் பிடுங்குங்கள். ஒவ்வொரு விலானிலும் பிங் வருகிறதா பாருங்கள். பிறகு அதைத் திரும்பச் செருகிவிட்டு, இரண்டாவதைப் பிடுங்குங்கள். மேல் கேபிள் போனால் சர்வர் பக்கமுள்ள உள் போர்ட்டையும் அணைக்கும் வசதியை மாட்யூலில் போடாவிட்டால், சர்வர் எதுவும் தெரியாமல் செத்த வழியிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்து ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கடைசித் தவணையை நாங்கள் நிறுத்தி வைத்திருக்கிறோம். வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறார்கள். வரட்டும், கோர் சுவிட்சின் லாகை அச்சடித்து வைத்திருக்கிறேன்.