புத்திசாலிச் சாலையா, ஒழுங்கான சாலையா: ஓட்டுநரில்லா வண்டிகளுக்காக நகரம் எதில் பணம் போடலாம்?

ஓட்டுநரில்லா வண்டிகளுக்கு நகரம் தயாராக வேண்டும் என்ற பேச்சு எடுத்தால் கடைசியில் இரண்டு வழிகளில்தான் வந்து நிற்கும். ஒன்று, ஒவ்வொரு ஜங்ஷனிலும் ரேடியோ கருவி, கேமரா, சில இடங்களில் லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் என்று பொருத்தி, சாலையே வண்டியோடு பேசும்படி செய்வது. இன்னொன்று, கோடு, பலகை, சிக்னல், மின்சாரம், சாலை வேலை பற்றிய தகவல் இவற்றையெல்லாம் ஒழுங்காக வைத்துக்கொண்டு, ஓட்டும் மூளையை வண்டியிடமே விட்டுவிடுவது. கலிஃபோர்னியாவில் நடுத்தர அளவு நகரம் ஒன்றின் போக்குவரத்துப் பிரிவில் சிக்னல் வேலை பார்க்கிறேன். இருக்கிற பணத்தில் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்ற நிலை வந்தபோது நாங்கள் இரண்டாவதை எடுத்தோம், நானும் அதற்காகத்தான் வாதாடினேன். அதனால் இந்த அலசல் நடுநிலையானது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழியின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் லாரி, கட்டடத்துக்குப் பின்னாலிருந்து ஓடிவரும் குழந்தை, இன்னும் நாலு நொடியில் சிவப்பாகப் போகும் விளக்கு, இதெல்லாம் வண்டியின் கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தின் மேல் இருக்கும் கருவிக்குத் தெரியும். அந்தத் தகவலை ஒரு நொடிக்குள் வண்டிக்கு அனுப்பினால் உயிர் பிழைக்கும். இதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் பராமரிப்பு என்ற ஒரே விஷயத்தில் என் மனம் மாறாமல் நிற்கிறது. சிக்னல் கம்பம் ஒன்றை நட்டால் பல பத்தாண்டுகள் நிற்கும். அதன் மேல் மாட்டுகிற எலெக்ட்ரானிக்ஸ் அப்படி இல்லை, வெயில், தூசி, மென்பொருள் புதுப்பிப்பு, பாதுகாப்புச் சான்றிதழ் என்று வருடா வருடம் ஆள் கேட்கும். அந்த ஆள் யார்? மத்திய அரசின் மானியம் கருவி வாங்குவதற்குக் கிடைத்துவிடும், அதைப் பத்து வருடம் உயிரோடு வைத்திருக்கும் டெக்னீஷியனின் சம்பளம் பெரும்பாலும் நகரத்தின் தலையில்தான் விழும். அப்புறம் கருவி நன்றாக இருந்தும், அது பேசும் மொழியையே உலகம் கைவிட்டுவிடலாம்.

இது கற்பனை இல்லை, நடந்தது. எஃப்சிசி என்ற அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1999-ல் 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வண்டிகளும் சாலைகளும் பேசிக்கொள்வதற்கென்று ஒதுக்கியது. வைஃபையின் உறவுக்காரத் தொழில்நுட்பமான டிஎஸ்ஆர்சி அதில் வந்தது. 2015-ல் நியூயார்க், டாம்பா, வயோமிங் மூன்று இடங்களிலும் பெரிய முன்னோட்டத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. எல்லாப் புது கார்களிலும் இந்த வகை ரேடியோ கட்டாயம் என்று ஒரு விதியைக்கூட 2017 தொடக்கத்தில் மத்தியப் போக்குவரத்துத் துறை முன்மொழிந்தது. நகரங்கள் நம்பி வாங்கின. 2020 நவம்பரில் அதே எஃப்சிசி 45 மெகாஹெர்ட்ஸைப் பிடுங்கி வைஃபைக்குக் கொடுத்தது, மிச்சம் 30 மெகாஹெர்ட்ஸையும் செல்பேசித் தொழில்நுட்பம் சார்ந்த சி-வி2எக்ஸ்-க்கு மாற்றச் சொன்னது. கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்த டிஎஸ்ஆர்சி பெட்டிகளுக்கு எதிர்காலம் இல்லாமல் போயிற்று. கார்களுக்கான அந்தக் கட்டாய விதியும் 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. கார் நிறுவனங்களும் காத்திருந்து பார்த்தன: 2021-லிருந்து அமெரிக்காவில் டிஎஸ்ஆர்சி வைத்த கார்களை விற்போம் என்று 2018-ல் சொன்ன டொயோட்டா, அடுத்த வருடமே அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தது. ஐரோப்பாவிலும் இதே சண்டை, வைஃபை வழியை முன்னிறுத்திய ஐரோப்பிய ஆணையத்தின் விதியை 2019-ல் உறுப்பு நாடுகள் தள்ளிவிட்டன.

இதில் யாரையும் திட்ட நான் வரவில்லை. நகரம் எடுத்த முடிவு சரியாக இருந்தும், நகரத்தின் கையில் இல்லாத ஒரு முடிவு அதை வீணாக்க முடியும், அதுதான் எனக்குப் பயம். பேச்சுக்கு இரண்டு முனை வேண்டும், ஒரு முனை கார் நிறுவனத்திடம் இருக்கிறது, நடுவிலிருக்கும் காற்று வாஷிங்டனிடம் இருக்கிறது, நம்மிடம் இருப்பது கம்பம் மட்டும்.

இரண்டாவது வழிக்கு வருவோம். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டுக்குச் சொந்தமான வேமோவின் ஓட்டுநரில்லா டாக்சிகள் ஃபீனிக்ஸ் பகுதியில் 2020 அக்டோபரிலிருந்து ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லாமல் பொதுமக்களை ஏற்றுகின்றன, சான் ஃபிரான்சிஸ்கோவில் 2024 ஜூனில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அவை சாலையோரக் கருவிகளை நம்பி ஓடவில்லை. தங்கள் கேமரா, லைடார், ரேடார், விரிவான வரைபடம் இவற்றை வைத்துக்கொண்டு, மனிதர்கள் பார்க்கும் அதே கோட்டையும் அதே விளக்கையும் பார்த்து ஓடுகின்றன. அப்படியென்றால் அந்தக் கோடும் விளக்கும் எப்படி இருக்கின்றன என்பதுதான் நகரத்தின் கேள்வி.

கோட்டில் தொடங்கலாம். கலிஃபோர்னியா சாலைகளில் பாட்ஸ் டாட்ஸ் என்று வெள்ளைக் குமிழ்கள் பதித்திருப்பார்கள், 1966 முதல் இருந்தவை, சக்கரம் ஏறினால் தடதடவென்று சத்தம் வந்து தூங்குபவரை எழுப்பும். 2017-ல் மாநிலப் போக்குவரத்துத் துறை அவற்றைப் புதிதாகப் பதிப்பதில்லை என்று முடிவெடுத்து, நான்கு அங்குலக் கோட்டை ஆறு அங்குலமாக்கத் தொடங்கியது. கேமராவுக்கு அகலமான, தொடர்ச்சியான கோடு தெளிவாகத் தெரியும் என்பது காரணங்களில் ஒன்று. 2023 டிசம்பரில் வந்த தேசியச் சாலைக்குறி கையேட்டின் 11-வது பதிப்பு தானியங்கி வண்டிகளுக்கென்றே ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறது. இரவில் கோடு குறைந்தபட்சம் எவ்வளவு ஒளிர வேண்டும் என்பதற்கு 2022-லேயே அளவு வந்துவிட்டது.

கோட்டின் ஒளிர்வு அதில் தூவியிருக்கும் கண்ணாடி மணிகளில்தான் இருக்கிறது. பெயின்ட் வெள்ளையாகவே இருக்கும், மணிகள் தேய்ந்து போயிருக்கும், பகலில் போய்ப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். இரவில், அதிலும் மழை பெய்து தரை நனைந்திருந்தால், கோடே காணாமல் போய்விடும். இதற்கு அளவு எடுக்கும் கருவியும், எந்தத் தெரு எப்போது பூசப்பட்டது என்ற ஒழுங்கான பதிவேடும் போதும். பெயின்டுக்குப் பதில் உருக்கிப் பூசும் தெர்மோபிளாஸ்டிக் போட்டால் செலவு கூட, ஆயுளும் கூட. இந்தப் பணம் நாளைக்கு ஓட்டுநரில்லா வண்டியே வராவிட்டாலும் வீணாகாது, இரவில் கண் கூசும் வயதானவருக்கும், தடம் காக்கும் வசதியுள்ள இன்றைய சாதாரண காருக்கும் அன்றைக்கே பயன்படும். அலைவரிசை மாறினாலும் கோடு செல்லாமல் போகாது.

அடுத்தது மின்சாரம். 2025 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பெரிய மின்தடை வந்தபோது சிக்னல்கள் அணைந்து, வேமோ வண்டிகள் ஜங்ஷன்களில் நின்று வழியடைத்தன, சேவையையே நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. வண்டி திருந்த வேண்டியது உண்மைதான், ஆனால் முக்கியமான ஜங்ஷன்களில் சிக்னலை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியில் பேட்டரி பேக்கப் இருப்பது நகரம் செய்ய வேண்டிய வேலை. இது பழைய தொழில்நுட்பம், எங்கள் ஆட்களே மாற்றிவிடுவார்கள். இருட்டில் அணைந்த சிக்னலைக் கடக்கும் பாதசாரிக்கும் அதுதான் பாதுகாப்பு.

மூன்றாவது, தகவல். எந்தத் தெருவில் இன்று பள்ளம் தோண்டுகிறார்கள், எந்தத் தடம் மூடியிருக்கிறது, எங்கே தீயணைப்பு வண்டிகள் நிற்கின்றன என்பதை எந்த நிறுவனமும் எடுத்துக்கொள்ளும்படி ஒரே வடிவத்தில் இணையத்தில் விடுவது. சாலை வேலைகளுக்கு டபிள்யூஇசட்டிஎக்ஸ் என்ற பொது வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. இதற்குக் கம்பம் வேண்டாம், ரேடியோ வேண்டாம். ஒப்பந்தக்காரர் தடத்தை மூடும்போதும் திறக்கும்போதும் செயலியில் பதிய வேண்டும் என்று பெர்மிட்டிலேயே நிபந்தனை போட வேண்டும், கஷ்டமெல்லாம் அதை நடைமுறைப்படுத்துவதில்தான்.

சரி, முதல் வழிக்கு இடமே இல்லையா? இருக்கிறது, இரண்டு முனையும் நகரத்தின் கையில் இருக்கும் இடத்தில். யூட்டா மாநிலம் 2017-ல் சால்ட் லேக் பகுதியின் ரெட்வுட் சாலையில், தாமதமாக ஓடும் பேருந்து சிக்னலிடம் கூடுதல் பச்சை கேட்கும்படி செய்தது. பேருந்தும் பொதுத்துறை, சிக்னலும் பொதுத்துறை, எந்தக் கார் நிறுவனத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பேருந்து ஓடும் பிரதான சாலைகளுக்கு மட்டும் ரேடியோ போடுவதை நானே ஆதரிப்பேன்.

சீனா வேறு பாதையில் போகிறது. பெய்ஜிங்கின் யீஜுவாங் பகுதியில் 2020 முதல் ஜங்ஷன்களில் சென்சார் பொருத்தி, வண்டி, சாலை, கிளவுட் மூன்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகக் கட்டுகிறார்கள், 2024-ல் 20 நகரங்களை முன்னோட்டத்துக்கு எடுத்திருக்கிறார்கள். அலைவரிசை, கார் தொழில், நகராட்சி மூன்றையும் ஒரே அரசு ஒரே திசையில் தள்ள முடிகிற இடத்தில் என் வாதத்தின் பாதி வலு போய்விடும். அந்த ஜங்ஷன்களைப் பத்தாம் வருடம் யார் பராமரிப்பார்கள் என்ற கேள்வி மட்டும் அங்கேயும் நிற்கிறது. பனி கொட்டும் ஊர்களில் நான் வேலை பார்த்ததில்லை, கோடே மாதக்கணக்கில் பனிக்கடியில் கிடக்கும் இடத்தில் பெயின்டுக்கு நான் கொடுக்கும் முன்னுரிமை அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊரில் ஒரு சமரசம் செய்துகொண்டோம். எந்தக் காரணத்துக்காக ஜங்ஷனைத் தோண்டினாலும் ஒரு காலிக் குழாய் கூடுதலாகப் புதைக்க வேண்டும், புதிதாக வாங்கும் கன்ட்ரோலர் பெட்டியில் ஒரு தட்டு காலியாக இருக்க வேண்டும், சிக்னல் நேரத் தகவலை வெளியே கொடுக்கும் வசதி கன்ட்ரோலரிலேயே இருக்க வேண்டும் என்று டெண்டரில் எழுதியிருக்கிறோம். ரேடியோ சண்டை முடிந்து ஏதாவது ஒன்று நிலைத்தால், அன்றைக்கு ரோட்டை மறுபடி உடைக்காமல் மாட்டிக்கொள்ளலாம்.